பாசிக்கு மருந்து கேட்பவர்களுக்கு

பவளத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு அனுப்புகிற படங்களில் பாதிக்கு மேல் ஏதேனும் ஒரு பாசியின் படமாகவே இருக்கும், எல்லோரும் பேசிவைத்துக்கொண்டாற்போல, "பாசி வந்துவிட்டது, என்ன மருந்து ஊற்றலாம்?" என்ற ஒரே கேள்வி அதன் கீழே இருக்கும். பச்சையா பழுப்பா, மயிர்போன்றதா சவ்வுபோன்றதா, தொட்டி வைத்து எத்தனை காலமாயிற்று என்ற விவரங்கள் ஒன்றும் இரா. சமீபத்தில் இங்கே சிங்கப்பூரில் ஒரு கடையில் நின்றிருந்தபோது, மூன்று பேர் தத்தம் கைப்பேசியில் மூன்று வெவ்வேறு பாசிகளைக் காட்டி யோசனை கேட்டதையும், கடைக்காரர் நிமிர்ந்தும் பாராமல் மூவருக்கும் ஒரே புட்டியை எடுத்து நீட்டியதையும் பிரத்தியட்சமாகக் கண்டேன். அன்று மூண்ட எரிச்சல் இன்னும் தணியவில்லை. ஆகவே சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன், பொறுமையோடு படியுங்கள்.

பாசியே இல்லாத பவளத் தொட்டி என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நாம் பணத்தைக் கொட்டி வாங்கி, விளக்கும் குளிர்விப்பானும் வைத்துப் போற்றுகிற அந்தப் பவளமே தன் திசுக்களுக்குள் கோடானுகோடி நுண்பாசிகளைக் குடிவைத்துக்கொண்டு, பகலெல்லாம் அவை ஒளியிலிருந்து சமைத்துத் தரும் சர்க்கரையை உண்டுதான் தன் ஜீவிதத்தின் பெரும்பகுதியை நடத்துகிறது. ஜூஸாந்தெல்லா என்று அவற்றுக்குப் பெயர். பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் அவற்றால் வந்தது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் அவற்றை இழந்துவிடுவதைத்தான் 'வெளிறிப்போதல்' என்கிறோம். பாறையின்மேல் ஊதா நிறத்திலும் ரோஜா நிறத்திலும் சாந்து பூசினாற்போலப் படர்வதும் பாசிதான்: கோரலைன் என்னும் சுண்ணப் பாசி. அதற்காகத் தவம் கிடக்கிறோம்; அது படர்ந்த பாறையைப் பார்த்துத்தான், "தொட்டி பக்குவமடைந்துவிட்டது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். இவ்வளவு பாசிகளுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கும் நாம், இன்னதென்று விசாரியாமலே ஒரு புட்டியைக் கவிழ்ப்பது எவ்விதத்தில் நியாயம்?

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலின்மேலும் கண்ணாடியின்மேலும் பொன்னிறமும் பழுப்பும் கலந்த தூள் படியும். அது டயாட்டம். சிலிகாவால் ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர். நீரிலுள்ள சிலிகேட் தீர்ந்ததும் தானே மெலிந்து மறையும். நாலு நத்தைகளை விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆனால் வெகுகாலமாகத் தெளிந்திருந்த தொட்டியில் அது திடீரென்று திரும்பி வந்தால், தொட்டியை விட்டுவிட்டு நீர் வடிகட்டியைப் பாருங்கள். வடிகட்டியின் கடைசிக் கட்டமான டி.ஐ. ரெசின் களைத்துப்போகும்போது முதலில் தப்பி வருவது சிலிகேட்தான், நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரோ அதைக் காணாமல் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அன்றாடம் ஆவியாகிப் போவது சுத்த நீர். அதற்கு ஈடாக நாம் ஊற்றும் நீரில் எது இருந்தாலும் அது தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே வரும். (சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமைன் கலக்கிறார்கள், கார்பன் வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றுவதும் இதோடு சேர்ந்த கடமை.)

சிவப்புச் சவ்வுக்கு வருவோம். கருஞ்சிவப்பில் வெல்வெட்டுத் துணி விரித்தாற்போல மணலை மூடும். விரலால் சுண்டினால் ஏடு ஏடாக உரிந்து வரும். மாலை வேளையில் அதனடியில் முத்துமுத்தாகக் காற்றுக் குமிழிகள் சிக்கிநிற்கும். இதைப் பாசி என்று சொல்வது வழக்கமே ஒழிய, இது பாசி வர்க்கமே அன்று. சயனோ என்னும் பாக்டீரியா. இதனை வெறுப்பதற்கு முன் இதன் பூர்வோத்தரத்தையும் சிறிது எண்ணிப்பாருங்கள். ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் பெருகத் தொடங்கியதே, அது இதன் மூதாதைகள் செய்த காரியம். நாம் விடுகிற ஒவ்வொரு மூச்சும் அவற்றின் உபயம். அப்பேர்ப்பட்ட வம்சம் நம் தொட்டியின் மூலையில் வந்து படுத்திருக்கிறதென்றால், அந்த மூலையில் நீரோட்டம் செத்துக் கிடக்கிறது, அங்கே மீன் உணவும் கழிவும் அடைகிறது என்பதே பெரும்பாலும் செய்தி. குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். உறைந்த உணவை உருக்கி, அந்தச் சாற்றை வடித்துவிட்டு இடுங்கள். கடைகளில் விற்கும் சிவப்புச் சவ்வு மருந்துகளில் சில எரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக் கலந்தவை. அவை வேலை செய்யாமலில்லை. ஆனால் ஒரே இரவில் செத்த சவ்வெல்லாம் அழுகி நீரின் ஆக்ஸிஜனைக் குடித்துவிட, காலையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும் காட்சியை நான் பிறர் வீடுகளில் கண்டிருக்கிறேன். காரணம் அங்கேயே இருப்பதால் சவ்வும் சில வாரங்களில் திரும்பிவிடுகிறது. ஆன்டிபயாட்டிக்கை அலங்காரத்துக்காகச் செலவழிப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை.

பச்சை மயிர்ப்பாசி எல்லோருக்கும் தெரிந்தது. இதில் ஒரு விசேஷம். "பாஸ்பேட் பூஜ்யம் காட்டுகிறது, ஆனாலும் பாசி காடாக வளர்கிறதே!" என்று வியக்கிறார்கள். வியக்க ஒன்றுமில்லை. நீரில் வருகிற பாஸ்பேட்டையெல்லாம் பாசி உடனுக்குடன் தின்றுவிடுகிறது. டெஸ்ட் கிட்டுக்கு மிஞ்சுவதுதான் பூஜ்யம். போதாக்குறைக்கு, நம் பாறைகளும் மணலும் சுண்ணாம்புச் சத்தானவை. வருஷக்கணக்கில் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு, நீரில் அது குறையுந்தோறும் சிறிது சிறிதாக விட்டுக்கொடுக்கும். ஆதலால் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் கையை நனையுங்கள். பாறையைத் தனி வாளியில் கடல் நீரில் வைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துப் பிடுங்கி, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். பிடுங்கி வெளியே எறிந்த பாசியோடு அது தின்ற பாஸ்பேட்டும் வெளியேறிவிடுகிறது. மருந்தால் கொன்ற பாசியோ அழுகி அத்தனையையும் தொட்டிக்கே திருப்பிக் கொடுக்கிறது. பிடுங்கிக் குட்டையாக்கிய பிறகு டர்போ நத்தைகளும் டாங் மீனும் மிச்சத்தைக் கவனித்துக்கொள்ளும். நீண்டு வளர்ந்த மயிரை நத்தைகள் அவ்வளவாகத் தொடுவதில்லை. அதற்குக் கடல் முயல் என்னும் பிராணி உண்டு. ஆச்சரியப்படத்தக்க வேகத்தில் மேய்ந்து தீர்க்கும். தீர்ந்ததும் அதைப் பட்டினி போடாமல் பாசியுள்ள வேறொரு தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மயிர்ப்பாசி என்று எண்ணிப் பிரையாப்சிஸ் என்னும் வேறொரு பாசியை வளரவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஓர் இழையைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் சிறிது நீர்விட்டு மிதக்கவையுங்கள். நடுவில் ஒரு தண்டும் இருபுறமும் இறகின் தூவிகள்போல் கிளைகளும் விரிந்தால் அது பிரையாப்சிஸ். வெறும் நூலாகவே கிடந்தால் மயிர்ப்பாசி. பிரையாப்சிஸை விரும்பித் தின்னும் பிராணிகள் அரிது. வேர்போன்ற அடிப்பாகம் ஒரு துளி மிஞ்சினாலும் மீண்டும் தழைக்கும். மருந்து தேவை என்று நானும் ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பம் இதுதான். மனிதர்களுக்குப் பூஞ்சைத் தொற்றுக்காகக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் இதனை அடியோடு வாடச் செய்கிறது. குமிழ்ப் பாசியான வலோனியா வேறு ரகம். பச்சை மணிபோல் பளபளக்கும் ஒவ்வொரு குமிழும் ஒரே ஓர் உயிரணு! கண்ணுக்குத் தெரியாததென்று பள்ளியில் படித்த உயிரணுவை இரு விரல்களுக்கிடையே பிடித்துப் பார்க்கும் பாக்கியம் வேறெங்கு கிடைக்கும்? ரசித்துவிட்டு, பாறையை வெளியே எடுத்துக் கத்திமுனையால் அடியோடு நெம்பிவிடுங்கள். மரகத நண்டும் தின்னும். சில நண்டுகள் தின்னாமல் சும்மாவும் இருக்கும்.

இனி டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். இந்தப் பதிவு முழுவதும் இதற்காகத்தான் என்றாலும் தகும்.

பக்கத்து வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிக்கும் தம்பி ஒருவர் அழைத்தார். பழுப்பு நிறத்தில் சளிபோன்ற நூல்கள் பாறையிலிருந்து தொங்கி நீரோட்டத்தில் ஆடின; ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு குமிழி. நத்தைகள் மல்லாந்து கிடந்தன. "டயாட்டம்தான், பாஸ்பேட்டைக் குறைத்தால் போய்விடும்னு கடையில சொன்னாங்க அண்ணே, குறைக்கக் குறைக்க அதிகமாகுது" என்றார். தொட்டிக்குக் கீழே வடிகட்டும் சாதனங்கள் இருக்கும் சம்ப்பில் பார்த்தால் பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜி.எஃப்.ஓ. ஒரு பெரிய குடுவை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நைட்ரேட்டைக் குறைக்க வேறொரு திரவமும் அன்றாடம் ஊற்றி வந்திருக்கிறார்.

"காபி வடிகட்டுகிற பேப்பர் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். அந்தச் சளியைத் தொட்டி நீரோடு ஒரு சிறு புட்டியில் உறிஞ்சியெடுத்து, மூடி, நூலெல்லாம் கரைந்து நீர் வெறும் பழுப்புக் கலங்கலாகும்வரை குலுக்கினோம். பிறகு பேப்பரில் வடிகட்டி, வடிந்த நீரை ஒரு கண்ணாடி டம்ளரில் விட்டு விளக்கின் கீழ் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். டயாட்டமோ சயனோவோ ஆனால் பேப்பரில் பெரும்பாலும் தங்கிவிடும். தப்பி வந்ததும் சிதறியே கிடக்கும். சற்று நேரம் கழித்துப் பார்க்கையில், தெளிந்திருந்த நீரின் நடுவே சிலந்தி நூல்போன்ற இழைகள் ஒன்றையொன்று நாடிச் சேர்ந்து முடிச்சிட்டுக்கொண்டிருந்தன. இன்னும் சிறிது நேரத்தில் ஒரு பழுப்புக் கட்டியாகிவிட்டது. தம்பி டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு அவருடைய மகளின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் ஒரு துளியை வைத்துப் பார்த்தோம். கண்ணீர்த்துளி வடிவத்தில், கூர்முனையை நூலில் கட்டிப்போட்டாற்போல, ஒவ்வொன்றும் தன் முனையையே அச்சாகக் கொண்டு வட்டமிட்டு ஆடியது. ஆஸ்ட்ரியாப்சிஸ்.

இது நஞ்சுடையது. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவாக் கடற்கரையில் இது பெருகியபோது, கடற்காற்றைச் சுவாசித்தே சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவ உதவி நாட நேர்ந்தது. தொட்டியில் நத்தைகள் சாவதற்கும் இதன் நஞ்சே காரணம். கையுறை இல்லாமல் இதைத் தொடாதீர்கள். பாறையை வெளியே காயவைத்துச் சுரண்டாதீர்கள்.

ஏன் வந்தது? நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்ட தொட்டிகளில் இது தலையெடுப்பதை ஓயாமல் காண்கிறோம். போஷணை அற்றுப்போகவே, அந்த இடத்தைப் பிடித்துவைத்திருந்த சாதுவான பாசிகளும் பாக்டீரியாக்களும் ஒடுங்குகின்றன. எந்தப் பஞ்சத்திலும் பிழைக்கத் தெரிந்த டைனோ காலியான இடத்தில் குடியேறுகிறது. கடையில் சொன்ன வைத்தியம் வியாதியையே உரம்போட்டு வளர்த்தது. ஜி.எஃப்.ஓ.வை எடுக்கச் சொன்னேன். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அளந்து அளந்து சேர்க்கச் சொன்னேன். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பாறையை விட்டு நீரில் மிதக்கும் சுபாவமுடையது. ஆகையால் தொட்டி நீரையே நேராக இழுக்கும்படி யு.வி. விளக்கை அமைத்தோம். பகலில் நூல்களை உறிஞ்சுவதும் நடந்தது. தொட்டி தெளிந்தது. மைக்ராஸ்கோப்பில் வேறு உருவம் தெரிந்திருந்தால் வேறு வழிதான் சொல்லியிருப்பேன். மணலில் சரசரவென்று வழுக்கித் திரியும் ஆம்ஃபிடினியம் இரவிலும் மணலைவிட்டு நகராது, யு.வி. அதைச் சீண்டவும் முடியாது. அதற்குச் சிலிகேட் சேர்த்து, டயாட்டத்தை வேண்டுமென்றே வளர்த்து, மணலில் அதன் இடத்தைப் பறிக்க வேண்டும். புதுத் தொட்டிக்காரர் அஞ்சி நடுங்கும் அதே சிலிகேட் இங்கே ஔஷதமாகிறது! ஒரே பழுப்பு, ஒரே சளி; வைத்தியமோ நேரெதிர். பெயர் அறியாமல் புட்டி வாங்காதீர்கள் என்று நான் தொண்டை கிழியச் சொல்வது இதனால்தான்.

பவளத்துக்குள் குடியிருந்து சோறு போடும் ஜூஸாந்தெல்லாவும் டைனோ வர்க்கமே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நீரைப் பூஜ்யமாக்கினால் உள்ளே இருக்கும் நல்ல டைனோவும் பட்டினி கிடந்து, பவளம் நிறம் மங்கி மெலிகிறது. வெளியே பொல்லாத டைனோ கொழுக்கிறது. ஆகையால் பூஜ்யத்தை ஒரு விரதம்போல் அநுஷ்டிக்கும் மோகத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில், பாஸ்பேட் 0.03-இலிருந்து 0.1-க்குள் இருந்தால் எனக்குப் பரம திருப்தி. ரெட்ஃபீல்ட் விகிதத்தைக் காட்டி வாதம் செய்பவர்களும் உண்டு: கடல் மிதவை உயிர்களில் கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1. அது அணுக்களின் எண்ணிக்கை ஐயா, மில்லிகிராம் கணக்கன்று. நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் எடைபோட்டால் 16-க்கு 1 என்பது சுமார் 10-க்கு 1 ஆகிவிடும். எப்படியும் அது கடலை விவரித்த கணக்கு. நம் தொட்டிக்கு விதித்த கட்டளை அன்று.

சத்துக்களைப் பற்றியே இவ்வளவு பேசும் நாம் மேய்ச்சலை மறந்துவிடுகிறோம். 1983-ஆம் ஆண்டில் கரீபியன் கடலெங்கும் டயடெமா என்னும் நெடுமுள் கடல்முள்ளெலிகள் கொள்ளைநோயால் மடிந்தன. ஜமைக்காவில் பாசியைத் தின்னும் மீன்களை ஏற்கனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். 1980-இல் பெரும் புயலும் அடித்திருந்தது. மேய்வதற்கு மிஞ்சியிருந்த ஒரே பிராணியும் போயிற்று. 1977-இல் 52 சதவீதமாயிருந்த பவளம் 1993-இல் 3 சதவீதமாயிற்று. பாசி 4-இலிருந்து 92 சதவீதமாயிற்று. டெரன்ஸ் ஹியூஸ் 1994-இல் வெளியிட்ட இந்த எண்களைப் படித்ததிலிருந்து, நத்தை வாங்கக் கணக்குப் பார்ப்பவர்களிடம் நான் தயவு தாட்சிண்யம் காட்டுவதில்லை. ஆயிரக்கணக்கில் செலவிட்டு விளக்கு வாங்குகிறவர், பல்லில்லாத தொட்டியை வைத்துக்கொண்டு பாசியை நொந்து என்ன பயன்?

மன்னார் வளைகுடாவிலுள்ள நம் குருசடைத் தீவின் கதையும் நெஞ்சைவிட்டு அகலாதது. பாசியியல் வித்தகரான சென்னைப் பல்கலைக் கழகத்து எம்.ஓ.பி. ஐயங்கார் அத்தீவின் தாவரங்களைப் பற்றி 1927-இலேயே எழுதிவைத்தார். அதே தீவின் பவளங்கள்மேல் கப்பாஃபைகஸ் என்னும் அந்நியச் சிவப்புப் பாசி போர்வையாய்ப் படர்ந்து மூடுவதை 2008-இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தார்கள். பிழைப்புக்காகக் கயிற்றில் கட்டி வளர்க்கக் கொண்டுவரப்பட்டது அது. மன்னார் வளைகுடாவில் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதை நம்மவர் அறிவர். நம் தொட்டியில் பிடுங்கிய அந்நியப் பாசியைக் கால்வாயிலோ கடலிலோ வீசுவதும் அதற்குக் குறைந்த பாதகம் அன்று. உறையவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக, பாசியைப் பாசியாலே வெல்லும் உபாயம். சுண்ணப் பாசிகளை ஆராய்ந்த வால்டர் ஏடி, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சியகத்தில் 1980-இல் அமைத்த பவளத் தொட்டியில், நீரைச் சுத்திகரிக்கும் வேலையைப் பாசியிடமே ஒப்படைத்தார். ஒரு வலைத்தட்டில் அடர்த்தியான குறும்பாசியை வளர்த்து, அதன்மேல் நீரை அலையலையாய் ஓடவிட்டு, வளர்ந்ததை வழித்தெடுத்தார். அவ்வளவு பெரிய ஏற்பாடு வீட்டுக்கு வேண்டியதில்லை. என் சம்ப்பில் ஓர் அறையில் கீட்டோ என்னும் முரட்டு நூற்பாசி உருண்டையாகக் கிடக்கிறது. மேலே பவளங்களுக்கு விளக்கணைந்ததும் கீழே அதற்கு விளக்கெரியும்; இரவில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறி நீரின் பி.எச். இறங்குவதையும் அது ஓரளவு தாங்கிப் பிடிக்கிறது. கோலர்ப்பா என்னும் பாசியை இதற்கு வைக்காதீர்கள். அது திடீரென்று வித்துக்களைக் கக்கிவிட்டு ஒரே இரவில் வெளுத்துக் கரைந்து, தின்றதையெல்லாம் நீரில் கொட்டிவிடும். கீட்டோவை வெளியே எடுக்கும்போது சம்ப்பிலேயே நன்றாக அலசி உதறுங்கள்; உள்ளே வசிக்கும் சின்னஞ்சிறு கூனி வகைகள் மீன்களுக்குத் தேவாமிர்தம். பாதியை மட்டும் எடுத்துப் பாதியை விட்டுவையுங்கள். நைட்ரேட் 2-க்குக் கீழே இறங்கினால் அந்த விளக்கின் நேரத்தைக் குறையுங்கள்.